பொய்ப்பொருளும் மெய்யறிவும்

நுழையும்முன்

திரையில் நாம் காணும் வாள் மரத்தாலானதாக இருக்கலாம். கற்றூண் அட்டையாலானதாக இருக்கலாம். அவற்றைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. ஒன்றைப்போல மற்றொன்றைச் செய்ய முனைபவர், செய்யப்படும் பொருளை அதன் உரிமையாளரைவிட ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பார்வையைக் கொங்கு மண்ணின் திரைக்கலை, தொழிற்கலை ஆகியவற்றின் துணையோடு விளக்குகிறது இக்கட்டுரை.

கொங்கு மண்ணில் திரைக்கலை

தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கை அமைத்தார். அப்பெயரைக் கோவையின் சாலை ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது. முப்பதுகளில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சும் எழுந்தன. கோவைப் பட்சிராஜா நிறுவனம் உருவாக்கிய ‘மலைக்கள்ளன்’ 1954இல் வெளிவந்து குடியரசுத்தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்றது.

இத்தகைய படப்பிடிப்பு நிலையங்களுக்குள் தச்சர், கொல்லர், தையற்காரர், வண்ணம் தீட்டுவோர் எனப் பலரும் உழைத்தனர். அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க் இயக்கத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டுறவோடு 1952இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ படத்தின் கதைக்கு, அழிந்துபோன மாமூத் யானைகள் தேவைப்பட்டன. உயிருள்ள யானைகளுக்கே செயற்கை உரோமப் போர்வை அணிவித்து அவற்றை மாமூத்துகளாகக் காட்டினர். கைக்கெட்டிய பொருளைக்கொண்டு எட்டாததைப் படைக்கும் திறன் அது.

பார்த்துச் செய்தல்

அத்திறனை நாமும் பழகலாம். பழைய துப்பறியும் படங்களில் காவலர் கையில் வைத்துப் பேசும் கம்பியில்லாப் பேசுகருவியை எடுத்துக்கொள்வோம். அதன் போன்மத்தை வீட்டுப் பொருள்களைக்கொண்டே செய்துவிடலாம்.

முதற்பணி அளவறிதல். கருவி நம்மிடம் இல்லை. படம் மட்டுமே உண்டு. ஆயினும் அதைப் பற்றியிருக்கும் கை படத்தில் இருக்கிறது. படத்தில் உள்ளங்கையின் அகலம் 2 செ.மீ., கருவியின் உயரம் 4 செ.மீ. என்றால், கருவி உள்ளங்கையைப்போல இருமடங்கு. வளர்ந்தவரின் உள்ளங்கை அகலத்தை ஏறத்தாழ 8 செ.மீ. எனக் கொண்டால், கருவியின் உயரம் 16 செ.மீ. எனப் பெறப்படும். தெரிந்த ஒன்றைக்கொண்டு தெரியாததை அளக்கும் முறை இது.

அடுத்தது பொருள் தேர்வு. செருப்புப் பெட்டியின் அட்டையை வெட்டி, மைதாப் பசையால் இரண்டடுக்காக ஒட்டிப் பெட்டி செய்யலாம். சுவரொட்டிகளைத் தாங்கும் அதே பசைதான். ஒவ்வோர் அடுக்கும் நன்கு காய்ந்தபின்னரே அடுத்ததை ஒட்ட வேண்டும். பழைய தேநீர் வடிகட்டியின் வலை, ஒலிவரும் வாயிலாகும். தண்ணீர்ப்புட்டியின் மூடி, திருகு குமிழாகும். பழுதான குடையின் கம்பி, அலைவாங்கியாகும். கம்பியின் கூர்முனை கண்ணைக் குத்தாதவாறு அதன்மேல் பேனாவின் மூடியைப் பொருத்துதல் கட்டாயம்.

மூன்றாவது, மெருகைக் குறைத்தல். புதுக்கருக்கு மாறாத பொருளைக் கண் நம்புவதில்லை. கறுப்பு வண்ணம் காய்ந்தபின், விரல்கள் அடிக்கடி படும் விளிம்புகளில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால், வண்ணம் உதிர்ந்து உலோகம் வெளிப்பட்டதுபோலத் தோன்றும். எங்கே தேயும், எங்கே தேயாது என்பதை அறிய, வீட்டிலுள்ள பழைய பூட்டையும் கதவின் தாழ்ப்பாளையும் பார்த்தாலே போதும்.

இறுதியானது எடை. வெற்றுப் பெட்டியைத் தூக்கும் கை வெறுமையையே காட்டும். பிடி மணலைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால், மணிக்கட்டு தானே சற்றுத் தாழும்; பார்ப்பவர் நம்பிவிடுவர். எடை கண்ணுக்குத் தெரியாது. எடையைத் தாங்கும் கை தெரியும்.

மாதிரியிலிருந்து மெய்ப்பொருள்

இவ்வேலை வெறும் விளையாட்டா என்னும் வினா எழலாம். கோவையின் வார்ப்பாலைகள் அதற்கு விடை தருகின்றன. நீரேற்றும் பம்பின் இரும்புக்கூடு உருவாகுமுன், அதே வடிவில் மரத்தாலான மாதிரி ஒன்று செய்யப்படுகிறது. தொழிலாளர் இதனைப் ‘பேட்டர்ன்’ என்பர். மாதிரியை மணலில் பதித்து எடுத்தபின், எஞ்சும் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுகின்றனர். குளிரும்போது வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு சுருங்கும். ஆகவே 300 மி.மீ. நீளப் பொருளுக்கு மாதிரி 303 மி.மீ. இருத்தல் வேண்டும். மணலைச் சிதைக்காமல் வெளியே வருவதற்காக அதன் பக்கங்கள் சற்றே சரிந்திருத்தலும் வேண்டும். மாதிரியில் நேரும் பிழை, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வார்ப்பிலும் நேரும். திரைக்கான போன்மம் தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. தொழிற்கூடத்தின் போன்மமோ மெய்ப்பொருளை ஈன்று தருகிறது. இரண்டிற்கும் வேர், கூர்ந்து நோக்கலே.

கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஆங்கில அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலைசெய்து ஈட்டிய பணத்தைக்கொண்டு அவ்வண்டியையே வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டினார். வியப்போடு நின்றுவிடாமல் பிரித்துப் பார்த்த கைகளே பிற்காலத்தில் பல கருவிகளைப் படைத்தன.

போன்மமும் பொறுப்பும்

செய்யும் திறனோடு பொறுப்பும் வளர வேண்டும். பேருந்து நிலையம், தொடர்வண்டி போன்ற பொது இடங்களுக்கு இத்தகைய போன்மங்களைக் கொண்டுசெல்லுதல் கூடாது, அறியாதார் அஞ்சுவர். மாதிரியை மெய்யென விற்பது வஞ்சகம். மாதிரியென்று சொல்லிக் காட்டுவது கலை. இந்த எல்லையை உணர்ந்தவரே சிறந்த கலைஞர்.

பயன்படாதென்று நாம் எறியும் அட்டையிலும் கம்பியிலும் ஒரு கருவியின் வடிவம் ஒளிந்திருக்கிறது. அதனைக் காணக் கண்ணும், வெளிக்கொணரக் கையும், பிழைத்ததைப் பிரித்து மீண்டும் செய்யப் பொறுமையும் வேண்டும். இம்மூன்றும் எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. செய்து பழகுவோர்க்கே வாய்ப்பன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள தச்சர், கொல்லர் அல்லது மாதிரி செய்வோர் ஒருவரைக் கண்டு, அவர் அளவெடுக்கும் முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. நீங்கள் விரும்பும் திரைப்படக் கருவி ஒன்றின் போன்மத்தை வீட்டுப் பொருள்களால் செய்து, செய்முறையை வகுப்பில் விளக்கிப் பேசுக.