வண்டுக்கும் ஒரு பங்கு

திருக்கோயில் வழிபாட்டில் மலருக்குரிய இடத்தை அன்பர்கள் நன்கறிவர். திருப்புகலூரில் முருக நாயனார் வைகறையில் எழுந்து மலர் கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார். திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் நந்தவனம் அமைத்து மலர்த்தொண்டு புரிந்தனர். அவ்வழியில் இன்றும் பலர் தம் இல்லத்தில் சில பூச்செடிகளை வளர்த்துப் பூசைக்கு மலர் எடுக்கின்றனர். அத்தகைய வீட்டுத் தோட்டத்தில் எச்செடிகளை வளர்த்தால் தேனீக்கள் நாடி வரும், அவை வருவதன் பயன் யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

மலரையும் வண்டையும் நம் முன்னோர் பிரித்து எண்ணியதில்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் இறையனார் பாடியது. அது தும்பியை விளித்து வினவுவதாகவே அமைந்துள்ளது. தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்த பாடல் என்று போற்றப்படுவதும் அதுவே. மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியின் 20 பாடல்களையும் அரச வண்டை நோக்கியே பாடியருளினார்.

தேன் நாடி வரும் ஈயின் உடலில் பூந்தாது ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்த பூவில் அமரும்போது அத்தாது அங்கே சேர்கிறது. பூசணி, பாகல், சுரை முதலிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண்பூவின் தாது வந்து சேராவிடில் அப்பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும்.

இதனை நான் நூலில் கற்றதினும் பட்டறிந்ததே மிகுதி. பணி ஓய்வு பெற்ற ஆண்டில் கொல்லையைத் திருத்த எண்ணி, வேலியோரம் இருந்த நொச்சியையும் ஆவாரையையும் காட்டுச்செடிகள் என்று வேரோடு அகற்றினேன். அவ்விடத்தில் குரோட்டன்சும் அடுக்குச் செம்பருத்தியும் வைத்தேன். கொல்லை பார்வைக்கு அழகாயிற்று. ஆனால், ஆண்டுதோறும் காய்த்த பூசணிக்கொடி அவ்வாண்டு பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. எரு இட்டேன், நீரை மிகுத்துப் பாய்ச்சினேன், பயனில்லை. பால் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் ஒருநாள் கொடியைப் பார்த்துவிட்டு, “வேலியை வெட்டிப்புட்டீங்களே ஐயா, ஈ எங்கேயிருந்து வரும்?” என்றார். பல்லாண்டு பாடம் சொல்லிய எனக்கு அவர் ஒரே வரியில் பாடம் சொன்னார். அடுக்குப் பூவில் தாதுத்தாள்கள் பெரிதும் இதழ்களாக மாறிவிடுவதால் ஈக்கு அங்கே கிடைப்பது சிறிதே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மீண்டும் நம் மண்ணின் செடிகளையே நட்டேன். அவற்றுள் சிலவற்றைக் கூறுகிறேன்.

நொச்சி: நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும்; தேன் மிக்கது. கிளையை வெட்டி நட்டாலே தழைக்கும், வேலிக்கு ஏற்றது.

ஆவாரை: பொங்கற் காப்புக் கட்டில் இடம்பெறும் மஞ்சட்பூ. இதில் தேன் இல்லை; தாதுவே உண்டு. அத்தாதுப்பையின் நுனியில் சிறு துளையே உள்ளது. கருவண்டு எனப்படும் தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து தாதுவை உதிர்த்துக்கொள்ளும். அப்போது எழும் ரீங்காரம் நம் செவிக்கும் கேட்கும்.

ஆடாதோடை: இதன் வெண்பூவின் கீழிதழ் ஈ வந்து அமரும் திண்ணை போன்றது. அதிலுள்ள ஊதாக் கோடுகள் தேன் இருக்குமிடத்திற்கு வழி காட்டும். இதனையும் கிளை வெட்டி நடலாம்.

துளசி: இலை மிகுதியாக வேண்டிப் பூங்கதிரைக் கிள்ளிவிடுவது வழக்கம். மாடத்துத் துளசியை அவ்வாறு பேணினும், கொல்லையில் இரண்டு செடிகளைப் பூக்க விடுக. சிறுதேனீக்கள் காலை முதலே அவற்றை மொய்க்கும்.

தும்பை: சிவபெருமானுக்கு உகந்த இவ்வெண்பூ செடியினத்தைச் சேர்ந்ததன்று; மழைக்குப்பின் தானே முளைக்கும் பூண்டு. களை என்று பறித்தெறியாதிருத்தலே போதும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய 99 பூக்களுள் ஆவிரையும் தும்பையும் துழாயும் இடம்பெற்றிருத்தல் எண்ணத்தக்கது. வெட்சியும் வளர்க்கலாம்; ஆயினும் அதன் நீண்ட குழலுள் பெரும்பாலான தேனீக்களின் நாக்கு எட்டாது. செந்நிறத்தைத் தேனீ நன்கு உணர்வதுமில்லை. வெட்சியின் விருந்தாளி வண்ணத்துப்பூச்சியே.

வெயில் நன்கு படும் இடத்தில், மழைக்காலத் தொடக்கத்தில் நடுக. தேனீ ஒரு முறை புறப்பட்டால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும் இயல்புடையது. ஆதலின் ஒவ்வொரு வகையிலும் மூன்று, நான்கு செடிகளைச் சேர்த்து வைத்தல் நலம். தட்டில் கூழாங்கற்களிட்டுச் சிறிது நீர் வைத்தால் ஈக்கள் மூழ்காமல் அருந்தும். தனித்து வாழும் தேனீக்கள் பல மண்ணில் வளை அமைப்பவை. ஓரமாகச் சிறிதளவு நிலத்தைக் கிளறாமல் விடுக. பூத்த செடியில் நச்சு மருந்து தெளித்தல் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலாயினும் ஈக்கள் கூடு திரும்பிய மாலைப் பொழுதிலேயே தெளிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. வண்டு தீண்டாத மலரையே சாத்த வேண்டும் என்று விடியுமுன் கொய்யும் அன்பர் பலர். அதில் குறையில்லை. செடியில் ஒரு பூவும் எஞ்சாமல் கொய்வதே குறை. தாயுமானவர், காணும் மலருள்ளும் இறைவன் இருத்தலை உணர்ந்து அதனைப் பறிக்கவும் மனம் இசையாது நின்றார். நமக்கு அந்நிலை எளிதன்று. எனினும் பாதி மலரைச் செடியிலேயே விட்டுவைத்தல் எவர்க்கும் இயலும்.

நான் நட்ட நொச்சி தழைத்துப் பூக்க இரண்டாண்டுகள் ஆயின. அதன்பின் பூசணி மீண்டும் காய்த்தது. முதற்காயை அம்மூதாட்டிக்கே கொடுத்தேன்.

பூசைக்குப் பாதி, வண்டுக்குப் பாதி என்று கொண்டு இல்லந்தோறும் சிறு நந்தவனம் அமைப்போமாக.