கடலையில் ஒளிந்திருக்கும் நஞ்சு: கருவி வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

1988ஆம் ஆண்டு பேரா மாநிலத்தில் மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் உயிரிழந்தனர். பூஞ்சணத்தில் உண்டாகும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சே காரணம் எனப் பின்னர் மருத்துவ ஆய்வுகள் கூறின. ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மிளகாய்த் தூளிலும் இதே நஞ்சு சேரக்கூடும். நாக்குக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுமையாகப் போகாது.

அதை அளக்க உணவு ஆய்வுக்கூடங்கள் நம்பியிருப்பது எச்பிஎல்சி எனப்படும் திரவ குரோமட்டோகிராபி கருவி. கடலையிலிருந்து எடுத்த சாற்றை, கரைப்பானோடு சேர்த்து ஒரு பம்பு மெல்லிய குழாய்க்குள் தள்ளும். குழாயில் நிரப்பியுள்ள நுண்துகள்களில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரம் தங்குவதால், அவை தனித்தனியே வெளியேறும். மறுமுனையில் உள்ள டிடெக்டர் அவற்றை அளக்கும்.

புதிதாக வாங்குவோர் பலரும் அழுத்தத்தைத்தான் முதலில் விசாரிக்கின்றனர். சாதாரணக் கருவி ஏறக்குறைய 400 பார் அழுத்தம் தாங்கும். யூஎச்பிஎல்சி ரகம் 1,000 பாரையும் தாண்டும். அது வேகமானது, கரைப்பானும் மிச்சம். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள கடலைச் சாற்றைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் அதன் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நாளுக்குப் பத்து மாதிரி சோதிக்கும் இடத்துக்கு அவ்வளவு வேகம் எதற்கு?

உண்மையில் யோசிக்க வேண்டியது டிடெக்டரைப் பற்றித்தான். பதப்படுத்தவிருக்கும் நிலக்கடலைக்கு அனைத்துலக கோடெக்ஸ் தரநிலை அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, ஒரு டன் கடலையில் வெறும் 15 மில்லிகிராம்! இதற்குச் சாதாரண புற ஊதா டிடெக்டரை விட, ஒளிர்வை அளக்கும் ஃபுளோரசன்ஸ் டிடெக்டரே ஏற்றது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அப்ளாடாக்சின்களில் மிகக் கொடியதான பி1, நீர் கலந்த கரைப்பானில் மங்கலாகவே ஒளிரும். ஆகவே குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடையில், புற ஊதா ஒளி பாய்ச்சி அதன் ஒளிர்வைக் கூட்டும் துணைக்கருவியையும் வழக்கமாக இணைக்கிறார்கள். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பம்பின் சீல் தேயும், டிடெக்டரின் விளக்கு மங்கும். உதிரிப்பாகங்கள் உள்நாட்டில் கிடைக்குமா, பழுதானால் பொறியாளர் எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கருவி படுத்துவிட்டால் வியாபாரியின் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும். கரைப்பான் கழிவைச் சாக்கடையில் ஊற்றவும் முடியாது; அதை அகற்றும் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

தூய கரைசலைச் செலுத்தினால் எந்தக் கருவியும் அழகான வரைபடம் தரும். கையெழுத்திடும்முன், தெரிந்த அளவு நஞ்சு சேர்த்த கடலை மாதிரியை விற்பனையாளரிடம் கொடுத்து, சரியான அளவைக் காட்டுகிறதா என்று சோதித்துக் கேட்கலாம்.