ஆரவாரம் ஒரு பக்கம், ஆர்டர் ஒரு பக்கம்

2019 ஜனவரி 14 அன்று டெட்ராய்ட் மோட்டார் ஷோவில், பதினேழு ஆண்டுகளாக உற்பத்தியில் இல்லாத ஒரு பெயருக்கு டொயோட்டா மறுபடி உயிர் கொடுத்தது: சூப்ரா. மேடையேறி அறிவித்தவர் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா. ஐந்தே நாளில், அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் புதிய சூப்ராவின் முதல் கார் 21 லட்சம் டாலருக்குப் போனது. தொகை தொண்டு அமைப்புகளுக்கு என்பதால் அதைக் காரின் விலையாகக் கொள்ள முடியாது. என்றாலும் அந்தப் பெயருக்கு எவ்வளவு மவுசு இருந்தது என்பதை அது காட்டியது.

அதே வாரத்தில்தான் சூப்ரா பிரியர்களின் கோபமும் வெடித்தது. இது சூப்ராவே இல்லை, டொயோட்டா முத்திரை குத்திய பிஎம்டபிள்யூ என்றார்கள். இன்ஜின் பிஎம்டபிள்யூவின் பி58. அடித்தளம் பிஎம்டபிள்யூ இசட்4 காருடையது. டேஷ்போர்டின் நடுவே இருக்கும் திரையும் அதைத் திருகி இயக்கும் குமிழும்கூட அங்கிருந்து வந்தவை. கார் உருவாவது ஜப்பானிலும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மேக்னா ஸ்டெயர் தொழிற்சாலையில், இசட்4 காரோடு சேர்ந்து. பானெட்டைத் திறந்தால் உதிரி பாகங்களில் பிஎம்டபிள்யூ சின்னம் தெரிந்தது. போதாக்குறைக்கு மேனுவல் கியர்பாக்ஸ் கிடையாது, எட்டு வேக ஆட்டோமேட்டிக் மட்டும்தான். பழைய சூப்ராவில் பெயரளவுக்காவது இருந்த பின்னிருக்கையும் போய், இருவர் மட்டும் உட்காரும் காராகிவிட்டது.

இந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. அவற்றில் பெரிதாக ஒலித்ததுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் புரிந்துகொள்ள, ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பழைய சூப்ராவின் கதையைப் பார்க்க வேண்டும். ஏ80 என்ற குறியீட்டுப் பெயரோடு 1993இல் வந்த நான்காம் தலைமுறைக் கார் அது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ கொண்ட அதன் இன்ஜினின் பெயர் 2ஜேஇசட்-ஜிடிஇ. அமெரிக்காவில் 320 குதிரைத்திறன். அந்த இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும் என்று மெக்கானிக்குகள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார்கள். பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தி, எரிபொருள் அமைப்பை மாற்றி, 1,000 குதிரைத்திறன் வரை கொண்டுபோனார்கள். இன்றைக்கும் 2ஜேஇசட் என்று சொன்னாலே கார் பிரியர்களின் கண்களில் ஒரு மின்னல் அடிக்கும்.

புதிதாக இருந்தபோது அந்தக் கார் எப்படி விற்றது? மோசமாக. 1993 முதல் 1998 வரை அமெரிக்கா முழுவதற்குமாகச் சுமார் 11,000 கார்கள்தான். தொண்ணூறுகளின் நடுவில் யென் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. டர்போ காரின் விலை தொடக்கத்திலேயே 40,000 டாலரை ஒட்டி இருந்தது. 2019ஆம் ஆண்டு விலைவாசியில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 70,000 டாலர். ஷோரூமில் ஆள் இல்லாமல் 1998இல் அமெரிக்க விற்பனையை நிறுத்தினார்கள், 2002இல் ஜப்பானிலும் மூடினார்கள்.

காதல் அதற்குப் பிறகுதான் பெருகியது. 1997இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ பிளேஸ்டேஷன் விளையாட்டில் சூப்ராவை ஓட்டிய சிறுவர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 2001இல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற சூப்ரா உலகம் முழுக்கச் சுவர்களில் போஸ்டராக ஏறியபோது, அமெரிக்காவில் ஒருவர் நினைத்தாலும் புதிய சூப்ரா வாங்க முடியாது. அந்தப் படத்தில் பயன்பட்ட கார் ஒன்று 2021இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 5,50,000 டாலருக்கு விற்றது. ஆக, சூப்ராவின் மிகப் பெரிய ரசிகர் கூட்டம், புதிய சூப்ராவை ஒருபோதும் ஷோரூமில் வாங்கியிராத கூட்டம். செகண்ட் ஹேண்டில் வாங்கி, தன் கையால் பிரித்து, தன் சம்பாத்தியத்தில் மேம்படுத்தியவர்கள். அதற்கும் வழியில்லாமல் கனவில் மட்டும் வைத்திருந்தவர்கள். அவர்கள் அன்பு பொய் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டு எத்தனை கார் விற்கும் என்று சொல்ல அந்த அன்பு உதவாது.

சரி, பிஎம்டபிள்யூவிடம் ஏன் போனார்கள்?

சூப்ரா என்றால் முன்னால் இன்ஜின், பின்சக்கர இயக்கம், ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில். இந்த மூன்றில் எதை விட்டாலும் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள். ஆனால் டொயோட்டாவின் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் குடும்பத்தின் தயாரிப்பு 2007ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கும் மோதல் பாதுகாப்பு விதிகளுக்கும் ஏற்ப ஒரு புதிய இன்ஜினையும் புதிய அடித்தளத்தையும், ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டுமே விற்கும் ஒரு காருக்காக உருவாக்கினால் செலவு எந்தக் காலத்திலும் திரும்பி வராது. பிஎம்டபிள்யூவோ அந்த வகை இன்ஜினை விடாமல் செய்துவரும் நிறுவனம். தன் செடான், எஸ்யூவி என எல்லாவற்றிலும் அதைப் பொருத்தி விற்பதால் செலவு பரவிவிடுகிறது. இரு நிறுவனங்களும் 2011 டிசம்பரில் முதலில் கைகோத்தது டீசல் இன்ஜின்களுக்காகவும் பேட்டரி ஆராய்ச்சிக்காகவும். 2013 ஜனவரி ஒப்பந்தத்தில் ஸ்போர்ட்ஸ் காரும் சேர்ந்தது.

டொயோட்டா தரப்பில் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. சுபாருவோடு சேர்ந்து டொயோட்டா 86 காரைக் கொண்டுவந்தவரும் அவரே. சக்கரங்களுக்கு இடையிலான அடிப்படை அளவுகள் முடிவானதும் இரு குழுக்களும் பிரிந்து வேலை செய்தன. பிஎம்டபிள்யூ மேலே திறக்கும் இசட்4 காருக்குப் போனது, டொயோட்டா கூரையுள்ள கூபேக்கு வந்தது. சூப்ராவின் வீல்பேஸ் 2,470 மில்லிமீட்டர். சின்னக் காரான 86ஐ விட 100 மில்லிமீட்டர் குறைவு! அகன்று, குட்டையாக, சட்டென்று திரும்பும் கார் வேண்டும் என்று டாடா பிடிவாதமாக எடுத்த முடிவு அது. இருவர் மட்டும் உட்காரும் காராக அமைந்ததும் அதனால்தான். பின்னிருக்கை இல்லாததைக் குறையாகப் பார்த்தவர்கள், வளைவுகளில் அந்தக் கார் நடந்துகொள்ளும் விதத்தை அதற்கு ஈடாகக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. டொயோட்டாவின் பெருமைக்குரிய 2000ஜிடி கார் நினைவிருக்கிறதா? 1967 முதல் 1970 வரை, 350 அளவிலேயே செய்யப்பட்ட அந்தக் காரை உருவாக்கியதில் யமஹாவுக்குப் பெரும் பங்கு. தயாரித்துக் கொடுத்ததும் யமஹாதான். லெக்சஸ் எல்எஃப்ஏவின் வி10 இன்ஜினிலும் யமஹாவின் கை உண்டு. கூட்டுச் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் செய்வது டொயோட்டாவின் பழைய வழக்கம். புதிய சூப்ராவின் கூரையில் தெரியும் இரட்டை மேடு 2000ஜிடியிலிருந்து வந்தது. வெளிநாட்டு இன்ஜினைத் துரோகம் என்றவர்கள் இந்த வரலாற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த இன்ஜினும் தன் பெயரைத் தானே நிலைநாட்டிக்கொண்டது. காகிதத்தில் 335 குதிரைத்திறன்தான். ஆனால் அமெரிக்கப் பத்திரிகையான ‘கார் அண்ட் டிரைவர்’ ஆற்றலை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தபோது, பின்சக்கரத்தில் வந்த அளவே அதைத் தாண்டியது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் ஆற்றல் வீணாகும். அப்படியிருந்தும் இந்த அளவு என்றால், டொயோட்டா குறைத்துச் சொல்லியிருக்கிறது என்று பொருள். முதல் ஆண்டு முடிவதற்குள், டிரிஃப்ட் பந்தய உலகில் பெயர்பெற்ற பாபடாகிஸ் ரேசிங் குழு பி58ஐக் கழற்றி, உள்ளே பலப்படுத்தி, 1,000 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனது. பி58இன் அலுமினிய பிளாக் மூடிய மேல்தளம் கொண்டது. கிராங்க் ஷாஃப்ட், அடித்து உருவாக்கிய எஃகு. தாங்கும் என்று அதைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகளுக்கு உடனே தெரிந்திருக்கும். ஜப்பானில் டிரிஃப்ட் பந்தய வீரர் டைகோ சைட்டோ தன் புதிய சூப்ராவிலிருந்து பி58ஐ இறக்கிவிட்டு 2ஜேஇசட்டையே பொருத்தினார். இரண்டு வழியும் ரசிகர்களுக்குத் திறந்தே இருந்தது. 2021 ஃபார்முலா டிரிஃப்ட் பட்டத்தை ஃபிரெட்ரிக் ஆஸ்போ புதிய சூப்ராவில்தான் வென்றார். பானெட்டுக்குள் இருந்தது பி58.

அப்படியானால் ரசிகர்கள் சொன்னது எல்லாமே தவறா? இல்லை. இரண்டு விஷயங்களில் அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது.

ஒன்று, உடம்பு முழுக்க இருக்கும் போலித் துளைகள். கதவில், பானெட்டில், விளக்கின் ஓரத்தில் காற்று போவதுபோல் கறுப்பாக ஒரு வாய் திறந்திருக்கும், பின்னால் அடைத்திருக்கும். பந்தயத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் திறந்துகொள்ளலாம் என்று டாடா விளக்கம் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் அழகு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை இருப்பதில்தான் இருக்கிறது. வேலையில்லாத துளையைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது, பொறியாளர்கள் பட்ட அத்தனை பாட்டையும் கொச்சைப்படுத்துகிறது.

இரண்டாவது, கிளட்ச். கால் அழுத்தி, கை தள்ளி, தானே கியர் மாற்ற விரும்புகிறவர்தான் இந்த மாதிரிக் காருக்கு முதல் வரிசை வாடிக்கையாளர். அவரிடம் ஆட்டோமேட்டிக் வேகமானது என்று புள்ளிவிவரம் சொல்வதில் பயனில்லை, அவர் வேகத்தை மட்டும் கேட்கவில்லை. டொயோட்டா இதைக் கேட்டுக்கொள்ள மூன்று ஆண்டுகள் எடுத்தது. 2022 ஏப்ரலில்தான் ஆறு வேக மேனுவல் அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் வந்தது அது. ஆரவாரத்தின் மதிப்பு எங்கே என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் சந்தை வேறு கணக்கில் ஓடியது. அமெரிக்காவில் ஆரம்ப விலை 49,990 டாலர். 2020இல் அங்கே ஏறக்குறைய 5,900 சூப்ரா விற்றது, 2021இல் 6,800க்கும் மேல். அந்த இரண்டு ஆண்டுகளிலேயே, பழைய ஏ80 ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் விற்றதை அது தாண்டிவிட்டது. பிஎம்டபிள்யூ என்று திட்டப்பட்ட, கிளட்ச் இல்லாத கார்! கிளட்ச் வந்தபிறகு? 2023இல் விற்பனை 2,700க்குள் இறங்கியது. மேனுவல் வந்ததால் இறங்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்க நினைத்தவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வாங்கி முடித்துவிடுவது இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களின் இயல்பு. வட்டி விகிதமும் அதற்குள் ஏறியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கணக்குகளையும் பார்க்கலாம். சூப்ரா வந்து ஆறு மாதத்தில், 2019 ஜூலை 18 அன்று ஷெவர்லே தன் எட்டாம் தலைமுறை கார்வெட்டைக் காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னால் இருந்த இன்ஜினை நடுவுக்குக் கொண்டுபோனார்கள். மேனுவலை முற்றிலும் எடுத்துவிட்டார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் 60,000 டாலருக்குள், இத்தாலியக் கார்களுக்கே உரிய உடலமைப்பும் 490 குதிரைத்திறனும் கிடைத்தன. 2022இலும் 2023இலும் அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000க்கு மேல் விற்றது. நிசான் இசட் காரோ ரசிகர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தது: முதல் நாளிலிருந்தே மேனுவல், 400 குதிரைத்திறன், நிசானின் சொந்த இன்ஜின், 40,000 டாலர் விலை. 2023இல் அமெரிக்க விற்பனை 2,000ஐ எட்டவில்லை. கார் போதுமான அளவு வந்து சேராததும் ஒரு காரணம், அடித்தளம் பழைய 370இசட்டிலிருந்து வந்ததும் ஒரு காரணம். ஹோண்டாவின் இரண்டாம் என்எஸ்எக்ஸ் 1,56,000 டாலரில் தொடங்கி, 2022இல் முடியும்போது உலகம் முழுவதுமாகச் சுமார் 2,900தான் விற்றிருந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் முதலில் தன் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கிறார். கார்வெட் கொடுத்ததை அந்த விலையில் வேறு யாராலும் கொடுக்க முடியவில்லை. சூப்ராவால் முடிந்தது அதற்கு அடுத்த நிலை. 50,000 டாலருக்குள் ஆறு சிலிண்டர், பின்சக்கர இயக்கம், நான்கு நொடிக்கு மணிக்கு 60 மைல். அந்த விலையே, திட்டப்பட்ட அந்தக் கூட்டணியால்தான் சாத்தியமானது. டொயோட்டா தனியாகச் செய்திருந்தால் சூப்ரா என்எஸ்எக்ஸின் விலையை நோக்கித்தான் போயிருக்கும். போஸ்டர் ஒட்டிய அந்தச் சிறுவன் நாற்பது வயதிலும் அதை வாங்கியிருக்க மாட்டான்.

அகியோ டொயோடாவுக்கு இது சொந்த விஷயமாகவும் இருந்தது. நிறுவனத்தின் தலைமைச் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நாருசேயிடம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் ஓட்டப் பழகியது பழைய சூப்ராவில். நாருசே 2010 ஜூனில் அந்தத் தடத்துக்கு அருகே, எல்எஃப்ஏ சோதனைக் காரில் நடந்த விபத்தில் இறந்தார். இலாபக் கணக்கு மட்டும் பார்க்கிற தலைவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்தக் கோப்பு மேசையை விட்டே நகர்ந்திருக்காது.

இந்தத் தலைமுறைக்கு 2026தான் கடைசி ஆண்டு. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 435 குதிரைத்திறனோடு 300 கார்கள் மட்டும் கொண்ட இறுதிப் பதிப்பை டொயோட்டா அறிவித்தது. அதில் மேனுவல் மட்டுமே. அடுத்த சூப்ரா எப்போது வந்தாலும், அதில் எத்தனை சிலிண்டர், மின் மோட்டார் சேருமா, யாருடைய இன்ஜின் என்ற சண்டை முதல் நாளே தொடங்கிவிடும். நடக்கட்டும். டொயோட்டாவிடம் நான் கேட்பது மூன்றே: கிளட்ச் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், துளை வைத்தால் அதன் வழியே காற்று போகட்டும், ஒரு பொறியாளரோ ஆசிரியரோ கடன் போட்டாவது வாங்கக்கூடிய விலை இருக்கட்டும். இன்ஜின் எந்த ஊரில் வார்க்கப்பட்டது என்று நான் கேட்கப்போவதில்லை.