களத்துக்கு வெளியே – 12: கறுப்புப் பட்டை

அந்த ஏப்ரலில் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினால் கால் நனையாது. 2018-ஆம் ஆண்டைச் சொல்கிறேன். கடைசிப் படி முடிகிற இடத்தில் மணல் தொடங்கும். அக்கரையில் மலைக்கோட்டை தெரியும். நடுவில் காவிரி என்று ஒன்று ஓடியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் கொடுத்த 192 டிஎம்சி, 177.25 ஆகக் குறைந்தது. அதையாவது அளந்து கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும், ஆறு வாரத்தில் ஏற்பாடு செய்யுங்கள் என்றார்கள். கெடு மார்ச் 29-இல் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. டெல்டா கொதித்தது. அதே நேரத்தில், இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனில் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர்.

“ஏன் தம்பி, உன் சட்டையில என்ன ஊரு பேரு போட்டிருக்கு?”

“சென்னைண்ணே.”

“அந்த ஊருக்காரன் குடிக்கிற தண்ணி எங்கேருந்து போகுது தெரியுமா?”

பையனுக்குத் தெரியவில்லை. பெரியவர் சொன்னது சரிதான். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. “அப்ப அந்த டீம் நமக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார். டீயைக் குடித்து முடித்தும் நான் பதில் சொல்லவில்லை. இந்த அத்தியாயமே அவருக்கு நான் தாமதமாகச் சொல்கிற பதில்தான்.

அதே கேள்வியை அப்போது பெரிய ஆட்களும் கேட்டார்கள். ஏப்ரல் 8 அன்று வள்ளுவர் கோட்டத்தில் திரையுலகினர் அறவழிப் போராட்டம் நடத்தினார்கள். இந்த நேரத்தில் ஐபிஎல் ஆட்டம் நடப்பது சங்கடமாக இருக்கிறது, நடத்தித்தான் ஆக வேண்டுமென்றால் சிஎஸ்கே வீரர்களாவது கறுப்புப் பட்டை அணிந்து ஆடட்டும் என்ற பொருளில் அன்று ரஜினிகாந்த் பேசினார். பாரதிராஜா, சீமான் போன்றோர் ஆட்டமே கூடாது என்று தெருவில் இறங்கினார்கள்.

ஏப்ரல் 10. எதிரணி கொல்கத்தா. வெளியே அண்ணா சாலையில் மறியல், உள்ளே ஆயிரக்கணக்கில் போலீஸ். ஆட்டத்துக்கு நடுவே எல்லைக்கோட்டருகே ஜடேஜா நின்ற பக்கமாக ஒரு செருப்பு வந்து விழுந்தது. கொல்கத்தா 202 எடுத்தது, ரஸல் மட்டும் 88. சென்னை ஒரு பந்து மிச்சமிருக்க எட்டிப்பிடித்தது. கடைசி சிக்ஸரை அடித்தவரும் அதே ஜடேஜாதான். பட்டை யாரும் கட்டவில்லை. மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயில் விட்டு ரசிகர்களையும் கூட்டிப்போனார்கள்.

அன்று ஆடிய பதினொருவரைப் பாருங்கள். வாட்சன், ராயுடு, ரெய்னா, பில்லிங்ஸ், தோனி, ஜடேஜா, பிராவோ, ஹர்பஜன், தீபக் சாஹர், ஷர்துல் தாக்கூர், தாஹிர். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. டிரினிடாடிலிருந்து வந்த பிராவோவிடமோ கென்ட்டிலிருந்து வந்த பில்லிங்ஸிடமோ காவிரிக்குக் கறுப்புப் பட்டை கட்டச் சொல்வதில் என்ன நியாயம்? ஏலத்தில் ஒரு விலை சொன்னார்கள், வந்தார், ஆடுகிறார். ஒப்பந்தத்தில் பந்தும் மட்டையும் உண்டு, டிஎம்சி இல்லை.

ஆனால் பெரியவரின் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அந்த அணி வெறும் பதினொரு பேர் இல்லை. ‘விசில் போடு’ என்று தமிழில் பாட்டுப் போட்டு, ராஞ்சிக்காரரை ‘தல’ என்று கூப்பிட வைத்து, ஊர்ப்பாசத்தைச் சட்டையாகத் தைத்து விற்கிற நிறுவனம் அது. அந்த ஆண்டு ஹர்பஜன் தமிழில் ட்வீட் போட்டுக் கைதட்டல் வாங்கியது நினைவிருக்கும். எழுதிக் கொடுத்தவர் வேறொருவர். இதில் தப்பொன்றும் இல்லை, நானும் ரசித்தேன். ஆனால் மொழியை எடுத்துக்கொள்கிறவர்கள், அந்த மொழிக்காரன் வயல் காயும்போது நாங்கள் வெறும் விளையாட்டு என்று ஒதுங்கினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் அலுவலகம். செருப்புப் போனது ஆட்டக்காரரிடம்.

கறுப்புப் பட்டைக்குக் கிரிக்கெட்டில் ஒரு பெரிய வரலாறு உண்டு. 2003 பிப்ரவரி 10, ஹராரே. உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிரான ஆட்டம். ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் கையில் கறுப்புப் பட்டை கட்டி இறங்கினார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டதற்குத் துக்கம் என்று அறிக்கையும் கொடுத்தார்கள். முகாபே ஆண்டுகொண்டிருந்த காலம். ஃபிளவருக்கு வயது முப்பத்து நான்கு, பெரிய பெயர், எங்கே போனாலும் பிழைப்பார். ஒலோங்காவுக்கு இருபத்தாறுதான். கொலை மிரட்டல் வந்தது, நாட்டைவிட்டு வெளியேறினார், சர்வதேச கிரிக்கெட் அத்தோடு சரி. அவர்களை யாரும் கட்டச் சொல்லவில்லை. மிரட்டலுக்குப் பயந்து கட்டவும் இல்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு. மேடையில் ஒருவர் கேட்டு, அதற்காக இன்னொருவர் கட்டுகிற பட்டை வெறும் துணி.

தானாகக் கட்டினாலும் இப்போது விடமாட்டார்கள். 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம் என்று எழுதிய காலணியோடு ஆட நினைத்தார். காஸாவை மனத்தில் வைத்து எழுதியது. ஐசிசி மறுத்தது. எழுத்தை மறைத்துவிட்டுக் கையில் கறுப்புப் பட்டை கட்டினார். அதற்கும் கண்டனம் வந்தது.

பேசாததற்குக் கோபித்ததைச் சொன்னேன். வாயே திறக்காமல் தண்டனை வாங்கியவர் கதை இன்னும் விசித்திரமானது. அதன் ஒரு நுனி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது, மறுநுனி திருச்சியில்.

2013 மார்ச் 26 அன்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் ஸ்ரீரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினரும்கூட. இலங்கைத் தமிழர் படுகொலைக்கு நீதி கேட்டுத் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இருந்த மாதம் அது. இலங்கை வீரர்களோ நடுவர்களோ இல்லையென்றால்தான் இங்கே ஐபிஎல் ஆட்டத்தை அனுமதிப்போம் என்றார். ஐபிஎல் நிர்வாகமும் ஒப்புக்கொண்டது.

ஏப்ரல் 13 அன்று பெங்களூரு அணி சேப்பாக்கம் வந்தது. ஆர்.பி. சிங் கடைசிப் பந்தை நோபாலாகப் போட்டுத் தோற்றார்களே, அதே ஆட்டம். அந்த அணியின் முத்தையா முரளிதரன் அன்று ஆட முடியாது. கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை இதே சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு, 2010 கோப்பையை வென்ற சென்னை அணியில் இருந்தவர். அவருடைய தாத்தா 1920-இல் இங்கிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பிற்காலத்தில் மகள்களோடு திரும்பி வந்து குடியேறிய ஊர் திருச்சி. தமிழருக்காக எழுதிய ஒரு கடிதம், அந்தத் திருச்சித் தாத்தாவின் பேரனைத் தமிழ்நாட்டு மைதானத்துக்கு வெளியே நிறுத்தியது.

மாணவர்களின் கோபம் நியாயமானது. அந்த ஏற்பாடு நியாயமில்லாதது. முரளி எதையோ சொன்னதற்காக அன்று தடுக்கப்படவில்லை. அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டுக்காகத் தடுக்கப்பட்டார்.

2020 கதை வேறு. ‘800’ படத்தில் விஜய் சேதுபதி முரளியாக நடிக்கிறார் என்று அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. இந்த முறை காரணம் முரளியின் பேச்சு. கோத்தபய ராஜபக்சவை ஆதரித்தது, போர் முடிந்த 2009 பற்றிச் சொன்னது. இரு பக்கமும் சாவு நின்றதைத்தான் மகிழ்ச்சி என்றேன், திரித்துவிட்டார்கள் என்று அவர் விளக்கம் கொடுத்தார். விலகிக்கொள்ளும்படி அவரே கேட்க, விஜய் சேதுபதி விலகினார். முரளியின் அரசியல் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளைத் தேடிப் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார் இருக்கிற நாட்டில், அவர் இன்னும் யோசித்துப் பேசியிருக்கலாம். ஆனால் அது அவர் வாயிலிருந்து வந்த சொல். அதற்கு அவரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதை மலையகத் தமிழரின் குரலாகவோ, இலங்கை அணியின் குரலாகவோ எடுத்துக்கொள்வதுதான் பிசகு.

நம்மூர் ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அவர்களை யாரும் எதையும் கேட்பதே இல்லை. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டம் ஓடினார். ராணுவத்தில் வேலை. இப்படி ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அரசாங்கத்தைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசினால் மறுநாள் மெமோ வரும், நடத்தை விதிகள் அப்படி. தமிழ்நாடு பிரீமியர் லீகில் திருச்சி பெயரில் ஓர் அணி உண்டு. ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ் என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அதன் ஆட்டத்தைப் பார்க்கத் திருச்சிக்காரர் நத்தத்துக்கோ வாழப்பாடிக்கோ பஸ் ஏற வேண்டும்.

டீக்கடைப் பெரியவருக்கு: அந்தப் பதினொரு பேரும் உங்களுக்காகப் பேசக் கடன்பட்டவர்கள் இல்லை, ஐயா. உங்கள் ஊர்ப் பெயரையும் மொழியையும் விற்றுக் காசு பார்க்கிறவர்கள் கடன்பட்டவர்கள். அவர்களைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு மேட்டூர் ஜூலை 19-இல் திறந்தது. ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துப் போயின. அப்போது எந்த ஆட்டக்காரரையும் யாரும் பட்டை கட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

(தொடரும்)