மொழி மறக்கப்பட்ட கண்

கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, இத்தாலி தேசத்துக்கு உழைக்கச் சென்ற பிள்ளைகளின் முகத்தைத் திரையிற் கண்டு ஆறுதலடைந்த குடும்பங்கள் மிகப் பல. அதற்கென வாங்கிய வெப்கமரா, கையடக்கத் தொலைபேசி வந்தபின் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. பின்னர் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைவழி வரத் தொடங்கியபோது, ஒரே தொலைபேசிக்காகப் பிள்ளைகள் பலர் காத்திருக்க நேர்ந்ததையும் நாம் கண்டோம். உறங்கும் அப்பழைய கமராவை எழுப்பினால், வீட்டிலே மற்றொரு பிள்ளைக்கும் வகுப்பில் இடம் கிடைக்குமன்றோ?

ஆயின் அதனை இன்றைய கணினியிற் பொருத்தினால், பல வேளைகளிற் படமே தோன்றுவதில்லை. பழுதாகிவிட்டது என்று வீசிவிடுகிறோம். உண்மையில் அங்கே கண் குருடாகவில்லை. அதன் மொழிதான் மறக்கப்பட்டிருக்கிறது.

ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கற்பிட்டியிலே கோட்டை அமைத்திருந்த காலத்தில், ஊராரோடு உரையாட அவர்களுக்குத் துபாசி தேவைப்பட்டான். கமராவுக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் துபாசியே 'டிரைவர்' எனப்படும் செலுத்தி மென்பொருள். துபாசி இல்லையேல் இருவரும் ஊமையரே.

வெப்கமராவின் வரலாறு வேடிக்கையானது. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்து அறிஞர்கள், கோப்பிப் பாத்திரத்தில் கோப்பி இருக்கிறதா என்பதை எழுந்து செல்லாமலே அறியும்பொருட்டு அதன்முன் ஒரு கமராவை வைத்தனர். 1993இல் அக்காட்சி இணையத்திலும் ஏறியது, 2001இல் நிறுத்தப்பட்டது. இதனிடையே 1994இல் 'குவிக்காம்' என்னும் கமரா பொதுமக்களுக்கென விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து பல நிறுவனங்கள் கமரா செய்தன. ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசிற்று; ஒவ்வொன்றுக்கும் தனித் துபாசி தேவையாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க 2003இல் 'யூ.வி.சி.' எனும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அம்மொழி பேசும் கமரா எவ்வளவு பழையதாயினும், பொருத்திய மாத்திரத்தே பெரும்பாலும் இயங்கும். இடர் அம்மொழி பேசாதவற்றுக்கே. அவற்றின் செலுத்திகள் பல 32 பிட் கணினிகளுக்கென எழுதப்பட்டவை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிட் ஆதலால், அவை அங்கே செல்லா. விற்று முடிந்த பொருளுக்குப் புதிய செலுத்தி எழுதுவதால் நிறுவனத்துக்கு இலாபமுமில்லை.

எனினும், இலாபம் கருதாதோர் உலகில் உளர். பிரான்சு தேசத்து வைத்தியர் ஒருவர், ஓய்வு நேரத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட கமரா வகைகளுக்கு லினக்ஸ் முறைமையிற் செலுத்தி எழுதி யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். 'ஜி.எஸ்.பி.சி.ஏ.' எனப்படும் அது, பிறரால் திருத்தப்பெற்று 2008இல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. செய்த நிறுவனமே கைவிட்ட கமராக்கள் பல அதனால் இன்றும் உயிர்வாழ்கின்றன.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? கரையோரத்து உப்புக்காற்று உலோக முனைகளிற் களிம்பேற்றும். ஆகவே கமராவைக் கழற்றிவைத்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலிற் சிறிது தோய்த்த பஞ்சினால் அம்முனைகளைத் துடைத்து, நன்கு உலரவிடுக. பின்னர் இடையிணைப்பு எதுவுமின்றிக் கணினியிலேயே நேராகப் பொருத்துக. படம் மங்கலாயின் வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பிப் பார்க்க. விண்டோஸின் அந்தரங்க அமைப்புகளிற் கமராவுக்கு அனுமதி மறுக்கப்பட்டுள்ளதா எனவும் நோக்குக. அனுமதி இன்மையாலே 'இறந்த' கமராக்கள் பல.

அதன் பின்னும் படம் வராவிடின், 'டிவைஸ் மனேஜர்' பகுதியிற் கமராவின் அடையாள எண்களைக் காண்க. முதல் எண் செய்தவரையும், இரண்டாவது வகையையும் உணர்த்தும். உதாரணமாக, 046டி என்பது லொஜிடெக் நிறுவனத்தைக் குறிக்கும். அவ்வெண்ணைக் கொண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே செலுத்தியைத் தேடுக. முன்பின் அறியாத தளங்களிற் கிடைப்பவற்றைத் தொடாதிருத்தல் நலம். துபாசி வேடத்திற் கள்வனும் வரக்கூடும். அங்கும் இல்லையேல், லினக்ஸை ஒரு பென்டிரைவில் இட்டு, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்.

எல்லாக் கமராக்களும் எழும் என்று உறுதி கூறுவதற்கில்லை. எழுந்தவையும் இன்றைய தெளிவைத் தருவனவல்ல. ஆயினும் ஆசிரியரின் முகத்தை மாணவனும், மாணவனின் முகத்தை ஆசிரியரும் காண அத்தெளிவு போதும்.

மாணவர்கள் இதிற் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒருவரிடத்தே பூட்டிவைக்கப்பட்ட அறிவு, அவர் அக்கறை தீர்ந்ததும் மறைந்துபோகிறது. பகிர்ந்தளிக்கப்பட்ட அறிவோ, முகமறியாத ஒரு பிள்ளையின் மேசைவரை வந்து பயன்தருகிறது. கற்றதைப் பிறர்க்கு எழுதிவைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் இளமையிலேயே பயில்வார்களாக.