விரியாத காற்றுப்பை

விடியற்காலையில் தாம்பரத்தில் நிற்போர்க்குப் பழகிய காட்சி ஒன்றுண்டு. ஒரகடத்திற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். 2022இல் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தும்வரை மறைமலை நகருக்கும் அவ்வாறே சென்றன. கார் செய்யும் கைகள் நம் தெருக்களில் வாழ்கின்றன. கடன் பெற்றுக் கார் வாங்குவோரும் நம் குடும்பத்தாரே. ஆதலின், அக்காரில் குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பது நமக்கு அயலார் செய்தியன்று.

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கொண்ட ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா காரை வடநாட்டவர் ஒருவர் 2015 ஆகஸ்டில் வாங்கினார். 2017 நவம்பர் 16 அன்று தில்லி–பானிப்பட்டு நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தது. முன்னிருந்த காற்றுப்பைகள், நாம் ‘ஏர்பேக்’ என வழங்குபவை, விரியவில்லை. அவருக்குத் தலையிலும் மார்பிலும் பற்களிலும் காயம்.

மோதலின் விசை போதுமான அளவுக்கு இல்லாமையால் பைகள் விரியவில்லை என்று நிறுவனத்தார் வாதிட்டனர். தில்லி மாநில நுகர்வோர் ஆணையம் அதனை ஏற்கவில்லை. மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்குமாக 2 இலட்சம் ரூபாய், மன வேதனைக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 50,000. இவற்றோடு காரையும் மாற்றித் தருமாறு ஆணையிட்டது. நிறுவனத்தார் தேசிய ஆணையத்திற்கும், பின்னர் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றனர். 2022 ஏப்ரல் 20 அன்று நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் ஆகியோர் மேல்முறையீட்டைத் தள்ளினர். முன்புறம் மோதினால் காற்றுப்பை விரியும் என்று நம்பித்தான் மக்கள் அத்தகைய காரை வாங்குகின்றனர். வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் அறிவை வாங்குவோரிடம் எதிர்பார்த்தல் ஆகாது என்பது அவர்கள் கருத்தின் சாரம். நேரிய தீர்ப்புத்தான், ஆயினும் அதற்கு நான்கரை ஆண்டுகள் சென்றன என்பதையும் நாம் மறைக்கலாகாது.

விரியாத பை ஒரு தீங்கெனில், வெடித்துச் சிதறும் பை மற்றொரு தீங்கு. ஜப்பானியத் தகாட்டா நிறுவனம் பைகளை ஊதுதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. நெடுநாள் வெப்பமும் ஈரப்பதமும் பட்டு அப்பொருள் கெட்டால், உலோகக் கூடு உடைந்து துண்டுகள் உள்ளிருப்போர்மேல் பாயும். பல நாடுகளில் உயிர்கள் மாண்டன. 2017இல் அந்நிறுவனம் நொடித்தது. இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் பலமுறை கார்களைத் திரும்ப அழைத்து அவ்வுறுப்பை இலவசமாக மாற்றியது. 2018 ஜனவரியில் மட்டும் 22,834 கார்கள். வெயிலும் கடற்காற்றும் ஒருங்கே வாட்டும் நம் ஊரில், பழைய கார் வாங்குவோர் சேசிஸ் எண்ணைக் கொண்டு, திரும்ப அழைக்கப்பட்டவற்றுள் அது உண்டா என நிறுவனத்திடம் கேட்டறிதல் நன்று.

நம் வீட்டுக் காரிலும் காற்றுப்பைக்குரிய எச்சரிக்கை விளக்கு ஒருமுறை அணையாது எரிந்தது. பழுது பார்க்கும் நிலையத்தார் ஏதோ கருவியைச் சொருகி விளக்கை அணைத்து அனுப்பினர். மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது. வாய்மொழியாகச் சொல்லிவந்த நம் முறையீட்டுக்குச் சான்று ஏதுமில்லை! அடுத்த முறை ‘ஜாப் கார்டில்’ குறையை எழுதச் செய்து படி ஒன்று பெற்ற பின்னரே, இருக்கையின்கீழ் இருந்த இணைப்பு ஒன்று மாற்றப்பட்டது.

விபத்துக்குப் பின், காரைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன் எல்லாப் பக்கமும் நிழற்படம் எடுத்துக்கொள்க. முன்புறம் அழகுக்குப் பொருத்தும் இரும்புத் தடுப்பு காற்றுப்பையின் உணரியைக் குழப்பும். வழக்கில் எதிர்த்தரப்பார் முதலில் சுட்டுவதும் அதுவாகவே இருக்கும்.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் குறையால் விளையும் தீங்கிற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்பதற்கு அதில் தனி இயலே உண்டு. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். தாம்பரம், பல்லாவரம் பகுதியினர்க்கு அது செங்கற்பட்டு மாவட்ட ஆணையம். செலுத்திய விலை 50 இலட்சத்திற்கு மேற்படாத வழக்குகளை அது விசாரிக்கும். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். நிறுவனத்தாருக்கு எழுதிய கடிதத்தின் படியையும் ஜாப் கார்டையும் மனுவோடு இணைக்க மறவாதீர்.