பேத்தி கண்ட ரப்பர் வளையம்

“ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர் ஆயிலே மாற்ற வேண்டாமாமே, சார்?” என்று சங்கத்தின் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினேன். என் மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். நாகபுரி வெயிலில் அந்த வண்டிதான் எங்களுக்குத் துணை. ஐப்பசியில் ஒருநாள், கியரை ‘டி’க்குத் தள்ளியதும் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

யார்டில் ஷண்டிங் செய்த டபிள்யூ.டி.எஸ்.4 என்ஜினில் நம் நாட்டுப் பொறியாளர் எம்.எம். சூரி கண்ட டிரான்ஸ்மிஷன் உண்டு. அதிலும் சுழலும் எண்ணெய்தான் சக்தியைக் கடத்தும். காரின் டார்க் கன்வெர்ட்டரிலும் அதே தத்துவம்தான். காரில் அந்த எண்ணெயே கியர்களை மாற்றும் அழுத்தத்தையும் தருகிறது, சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. அது கெட்டால் எல்லாம் கெடும்.

விடுமுறைக்கு வந்திருந்த பத்தாவது படிக்கும் பேத்தியை உதவிக்கு வைத்துக்கொண்டேன். செய்ய வேண்டியதைத் தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் செய்தேன்.

வண்டியைச் சிறிது ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கினோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின் மேல் நிறுத்தினோம். ஜாக் தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. வடித்த எண்ணெயை அளந்தால் மூன்றரை லிட்டர். மீதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். அடித்தட்டைக் கழற்றினேன். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டுமே இருந்தது. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் மெக்கானிக்கிடம்தான் போயிருப்பேன்.

பழைய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தக் கையை உயர்த்தினேன்.

“தாத்தா, ருக்கோ! புதுசுல ரப்பர் ரிங் இருக்கு. பழசுல இல்லையே?”

டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய வளையம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதை அழுத்தியிருந்தால் ஃபில்டர் சரியாக உட்காராது. பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். பாதி வழியில் வண்டி நின்றிருக்கும். முப்பத்தாறு வருட சர்வீஸ் போட்ட எனக்குத் தோன்றாதது அவள் கண்ணில் பட்டது.

வளையத்தைக் கீறல் விழாமல் எடுத்தேன். புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் குறிப்பிட்ட அளவுக்கே முடுக்கினேன். வடித்த அளவே புது எண்ணெய் ஊற்றினோம். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடிகள் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி என்ஜின் ஓடும்போதே மட்டம் பார்த்தோம். இப்போது வண்டி தயங்குவதில்லை.

அன்பர்களுக்கு மூன்று வார்த்தை. கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். சிவிடி வண்டிக்கு எண்ணெயே வேறு. தீய்ந்த நாற்றத்தோடு கியர் வழுக்கினால், எண்ணெய் மாற்றி மட்டும் பயனில்லை. பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

அந்தக் காகிதத்தின் கடைசியில் பேத்தி தன் கையால் தமிழில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “பழய வலையம் வந்ததா பார்.” நான் பிழை திருத்தவில்லை.